ராணுவ பேஸ் தொடக்கப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் ஆலோசனைக் குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ராணுவத்தில் தமிழ்க் குடும்பங்கள் இருப்பது ஊரில் பலருக்கு இன்னும் ஆச்சரியம்தான். 2009-லிருந்து 2016 வரை ஆள் எடுத்த மாவ்னி திட்டத்தில், கிரீன் கார்டு இல்லாமல் விசாவில் இருந்தவர்களைக்கூட அவர்களுடைய மொழித் திறமைக்காகச் சேர்த்துக்கொண்டார்கள், அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அப்படிச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூட வயதில் இருக்கிறார்கள். ஜெர்மனி, ஜப்பான், கொரியா என்று போஸ்டிங் வந்ததும் பிள்ளையை பேஸுக்குள், அதாவது ராணுவத் தளத்துக்குள், இருக்கும் பள்ளியில் சேர்க்கிறோம், சேர்த்த கொஞ்ச நாளில் "ஆலோசனைக் குழுவுக்குத் தேர்தல், விருப்பம் இருந்தால் பெயர் கொடுக்கவும்" என்று பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வருகிறது, அதைப் பார்த்துவிட்டு "இது என்னங்க, நமக்கு இதில் என்ன வேலை?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஜெர்மனியில் ஒரு பேஸ் தொடக்கப் பள்ளியின் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் ஜெர்மனிப் பக்கமாகவே இருக்கும்.

முதலில், இந்தப் பள்ளிகளை நடத்துவது யார்?

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே. அதற்குள் டோடியா என்று ஒரு பிரிவு இருக்கிறது, தலைமையகம் வர்ஜீனியாவில் அலெக்ஸாண்ட்ரியா. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜெர்மனியிலும் ஜப்பானிலும் படைகள் தங்கியபோது குடும்பங்களும் பின்னாலேயே வந்துவிட்டன, அந்தப் பிள்ளைகளுக்காக 1946-ல் திறந்த பள்ளிகளிலிருந்து வளர்ந்ததுதான் இது. இப்போது அமெரிக்கா, ஐரோப்பா, பசிபிக் என்று மூன்று மண்டலங்கள். படிப்பின் தரத்தைப் பற்றி யாராவது பயமுறுத்தினால் கவலைப்படாதீர்கள், 2024-ல் அமெரிக்கா முழுக்க நடந்த நேப் தேர்வில் 4-ஆம் வகுப்பிலும் 8-ஆம் வகுப்பிலும், வாசிப்பிலும் கணக்கிலும் எல்லா மாநிலங்களையும் தாண்டி நின்றது இந்தப் பள்ளிகள்தான்.

ஆனால் ஒன்று. அமெரிக்காவில் சாதாரண ஊர்ப் பள்ளி என்றால் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஸ்கூல் போர்டு இருக்கும், பிடிக்கவில்லை என்றால் அடுத்த தேர்தலில் மாற்றலாம். வெளிநாட்டு பேஸில் அது கிடையாது. பள்ளி மத்திய அரசுடையது, பிரின்சிபால் மத்திய அரசு ஊழியர், டீச்சரும் மத்திய அரசு ஊழியர். பெற்றோருக்கு ஒரு வாய் வேண்டுமே என்றுதான் இந்தக் குழு.

இந்தக் குழு சட்டப்படி உள்ளதா, இல்லை பள்ளி தானாக வைத்துக்கொண்டதா?

சட்டப்படி உள்ளது. 1978-ல் வந்த பாதுகாப்புத் துறைச் சார்ந்தோர் (அதாவது ஊழியரைச் சார்ந்த குடும்பத்தினர்) கல்விச் சட்டம், வெளிநாட்டில் இருக்கும் ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் ஆலோசனைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி நடக்கும் விதத்தைப் பற்றி பிரின்சிபாலுக்கு ஆலோசனை சொல்லலாம், பாடத்திட்டம், பட்ஜெட் பற்றிப் பரிந்துரை செய்யலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், புதிதாக வரும் பெற்றோர் பலர் குழுவை ஏதோ பிரின்சிபால் தயவில் நடக்கும் டீ பார்ட்டி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். பிரின்சிபாலுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் குழு இருக்கும்.

யார் யார் உறுப்பினர்கள்?

பெற்றோர் எத்தனை பேரோ, பள்ளியில் வேலை செய்பவர்களும் அத்தனை பேர். இந்தச் சம எண்ணிக்கை சட்டத்திலேயே இருக்கிறது. இரண்டு தரப்பும் தேர்தலில் வருபவர்கள். இதற்கு மேல் ஆசிரியர் சங்கம் நியமிக்கும் ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவருக்கு ஓட்டு கிடையாது, பேசலாம். மாணவர் ஒருவரையும் சேர்க்கலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் அது உயர்நிலைப் பள்ளிக்குப் பொருந்துகிற விஷயம், 8 வயதுப் பிள்ளையை பட்ஜெட் பேச்சில் உட்கார வைத்து என்ன செய்வது.

பிரின்சிபால் கூட்டத்துக்கு வருவார். அவர் ஆலோசனை கேட்கும் இடத்தில் இருப்பவர், கொடுக்கும் இடத்தில் இல்லை. கூட்டத்தை நடத்துவது குழுவின் தலைவர். இதுவும் சிலருக்குப் பழக சிரமமாக இருக்கிறது, பிரின்சிபால் அறைக்குள் வந்ததும் எழுந்து நின்று பழகிய கை கால் நமக்கு.

பிடிஓ, பிடிஏ என்று வேறு ஒன்றும் இருக்கிறதே, அது வேறா?

வேறு. பிடிஓ என்பது பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து, பேஸில் அனுமதி வாங்கி நடத்தும் தனியார் அமைப்பு. கேக் விற்பது, புத்தகக் கண்காட்சி, டீச்சர்களுக்கு விருந்து, இதெல்லாம் அவர்கள் வேலை, பணம் திரட்டுவார்கள், செலவழிப்பார்கள். ஆலோசனைக் குழு ஒரு டாலர் கூடத் திரட்டாது. கேக் சாப்பிட ஆசை என்றால் பிடிஓவில் சேருங்கள், பஸ் ஏன் நிதமும் தாமதமாக வருகிறது என்று எழுத்தில் கேட்க ஆசை என்றால் இங்கே வாருங்கள். இரண்டிலும் இருப்பவர்களும் உண்டு, எப்படித்தான் நேரம் கிடைக்கிறதோ.

ஊரில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே, அது மாதிரியா?

கொஞ்சம்தான். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி வந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அவர்கள் பொறுப்பு. காகிதத்தில் பார்த்தால் அதிகாரம் அங்கேதான் அதிகம். இங்கே பெற்றோர் பாதி, பணத்தைத் தொட முடியாது, சொல்வது ஆலோசனை மட்டும். ஆனால் பேஸில் கேட்ட கேள்விக்குப் பதில் வரும் வழக்கம் நன்றாக இருக்கிறது.

ஆலோசனை மட்டும்தானே, சொன்னதைக் கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான், கேட்கும்போதே முகத்தில் ஒரு சலிப்பும் தெரியும். நேராகச் சொல்லிவிடுகிறேன், குழு யாருக்கும் உத்தரவு போட முடியாது. பிரின்சிபால் கேட்டுவிட்டு "முடியாது" என்று சொல்லலாம்.

ஆனால் ராணுவ பேஸ் என்பது காகிதத்தில் ஓடும் இடம். வாசலில் நின்று பேசியது காற்றோடு போய்விடும், ஓட்டுப் போட்டு நிறைவேற்றி, தேதி போட்டு, கூட்டக் குறிப்பில் ஏறிய ஒரு பரிந்துரை அப்படிப் போகாது. அதற்குப் பதில் சொல்ல வேண்டும். "முடியாது" என்றால் ஏன் முடியாது என்று எழுத வேண்டும். அந்தக் காரணத்தை எழுதும்போதே பல விஷயங்கள் முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் எழுதி வைக்கிற அளவுக்கு நல்ல காரணம் பல சமயம் இருப்பதில்லை. உண்மையிலேயே பிரின்சிபால் கையில் இல்லாத விஷயம் என்றால் "இது என் மட்டத்தில் இல்லை" என்ற அந்த ஒரு வரிதான் மேலே கொண்டுபோவதற்கான டிக்கெட்.

மேலே என்றால் இரண்டு படிக்கட்டு. ஒன்று பள்ளிப் பக்கம்: பிரின்சிபால், அவருக்கு மேல் மாவட்ட சூப்பரின்டெண்டென்ட், மண்டல இயக்குநர், அலெக்ஸாண்ட்ரியா. இன்னொன்று ராணுவப் பக்கம்: பேஸ் கமாண்டர், அவருக்கு மேல் ஐரோப்பாவிலோ பசிபிக்கிலோ இருக்கும் படைத் தலைமையகம். ஒரே பேஸில் பல பள்ளிகள் இருந்தால், பேஸ் அளவில் கமாண்டருக்கு ஆலோசனை சொல்ல இன்னொரு குழு உண்டு, பள்ளிக் குழுவில் முடியாதது அங்கே போகும். எல்லாவற்றுக்கும் உச்சியில், சார்ந்தோர் கல்விக்கான ஆலோசனை மன்றம் என்று ஒன்றையும் அதே 1978 சட்டம் வைத்திருக்கிறது. அவ்வளவு தூரம் தொடக்கப் பள்ளி விஷயம் போவது அபூர்வம். கமாண்டர் வரைக்கும் போனாலே போதும்.

எதையெல்லாம் பேசலாம்? எதைப் பேசக் கூடாது?

பள்ளி நேரம், மதிய உணவு, விளையாட்டு இடைவேளை, பஸ், சாலை கடக்கும் இடம், வீட்டுப் பாடத்தின் அளவு, புதிதாக வரும் பிள்ளைகளை வரவேற்கும் முறை, நூலகம், பாடத்திட்டம், சிறப்பு வகுப்புகள், பிள்ளைகளின் நடத்தை விதிகள். பலருக்குப் பொதுவான எதுவும் வரலாம்.

வரக் கூடாதது இரண்டு. ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் பிரச்சினை, ஒரு குறிப்பிட்ட ஊழியரின் பிரச்சினை. உங்கள் மகனுக்குச் சிறப்புக் கல்வி உதவி சரியாகக் கிடைக்கவில்லை என்றால் அதற்கு ஐஇபி (அந்தப் பிள்ளைக்கென்று போடும் தனிக் கல்வித் திட்டம்) கூட்டம் இருக்கிறது, அங்கே முழு உரிமையோடு பேசலாம். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் பொதுக் கூட்டத்தில் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுவது அந்தப் பிள்ளைக்கே நல்லதல்ல, 1974 தனியுரிமைச் சட்டமும் அதற்கு இடம் கொடுக்காது. அதே விஷயம் பலருக்கும் இருக்கிறது, உதாரணத்துக்குப் பேச்சுப் பயிற்சி ஆசிரியர் இடம் பல மாதமாகக் காலியாக இருக்கிறது என்றால், அது குழுவுக்கு வர வேண்டிய விஷயம். ஒரே பிரச்சினைதான், கேட்கும் விதத்தில்தான் வித்தியாசம்.

டீச்சரைப் பற்றிப் புகார் இருந்தால்?

முதலில் அந்த டீச்சர், அப்புறம் பிரின்சிபால். குழுவுக்குக் கொண்டுவந்தால் தலைவர் மரியாதையாக நிறுத்திவிடுவார். அந்த மேஜையில் பாதிப் பேர் அவருடைய சக ஊழியர்கள், சங்கத்துக்காரர் வேறு இருக்கிறார் என்பதை மறக்காதீர்கள்.

அதற்காக ஆசிரியர் தரப்பை எதிர்க்கட்சி என்று நினைக்க வேண்டாம். பெற்றோர் கொண்டுவரும் பாதி விஷயங்களில் அவர்களுக்கும் அதே குறைதான், தாங்களாகச் சொல்ல முடியாததை நாம் சொன்னால் ஓட்டுப் போட்டு ஆதரிப்பார்கள். டீச்சர்களும் பெற்றோரும் ஒருமனதாக அனுப்பும் பரிந்துரையை பிரின்சிபால் தள்ளுவது கஷ்டம். பெற்றோர் மட்டும் ஒரு பக்கம் நின்றால் பாதிக்குப் பாதி, அங்கேயே நின்றுவிடும்.

ஒரு கூட்டம் எப்படி இருக்கும்? ஏதாவது உதாரணம்?

இடம் பெரும்பாலும் பள்ளி நூலகம். நாற்காலி எல்லாம் 7 வயதுப் பிள்ளைகளுக்கானது, முழங்கால் நெஞ்சில் இடிக்க, யூனிஃபார்ம் கழற்ற நேரமில்லாமல் வந்த ஒரு சார்ஜென்ட் அதில் உட்கார்ந்திருப்பார். போன கூட்டக் குறிப்புக்கு ஒப்புதல், பிரின்சிபால் அறிக்கை, பழைய விஷயம், புது விஷயம், பொதுமக்கள் கருத்து. ஒரு மணி நேரத்தில் முடிந்தால் நல்ல கூட்டம்.

உதாரணத்துக்கு மதிய உணவு. சின்ன வகுப்புப் பிள்ளைகள் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என்று பல வீடுகளில் ஒரே பேச்சு. "பிள்ளைகளுக்குச் சாப்பிட நேரம் போதவில்லை" என்று கூட்டத்தில் சொன்னால் "கவனிக்கிறோம்" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. அதனால் இரண்டு பெற்றோர் அனுமதி கேட்டு, தன்னார்வலர்களாகச் சாப்பாட்டு அறையில் நின்றார்கள். அட்டவணையில் இருக்கும் நேரம் வேறு, பிள்ளை தட்டோடு உட்காரும் நேரம் வேறு. கை கழுவ வரிசை, உணவு வாங்க வரிசை, கணக்கு எண்ணை அழுத்த மறந்து போய் முழிக்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தை, பால் அட்டைப்பெட்டியைத் திறக்கத் தெரியாமல் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்னொன்று. வரிசையின் கடைசிப் பிள்ளை உட்கார்ந்து வாயில் வைக்கும்போது முதல் பிள்ளைகள் தட்டைக் கொட்ட எழுந்துவிட்டார்கள். இதைப் பெயர் எதுவும் இல்லாமல், யாரையும் குறை சொல்லாமல், எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.

அதற்கு அப்புறம் வாக்குவாதமே இல்லை. ஒரு டீச்சர் உறுப்பினர்தான் வழி சொன்னார்: விளையாட்டு இடைவேளையை முன்னால் வைத்துவிட்டு, ஒரே நேரத்தில் வரும் வகுப்புகளைச் சில நிமிட இடைவெளி விட்டு அனுப்புங்கள், வரிசை குறையும். இது பிரின்சிபால் கையில் இருக்கும் விஷயம், மாற்றினார். பணம் செலவில்லை, மேலிடத்து அனுமதியும் தேவைப்படவில்லை.

அதே உணவில் இன்னொரு கோரிக்கை, தினமும் சைவ உணவு வேண்டும் என்பது. இதை பிரின்சிபாலிடம் கேட்டுப் பயனில்லை. வெளிநாட்டில் ராணுவ, விமானப்படை பேஸ்களில் பள்ளி உணவை நடத்துவது டோடியா இல்லை, பேஸில் நாம் சாமான் வாங்கும் அதே எக்ஸ்சேஞ்ச் நிறுவனம், அதுவும் அமெரிக்க வேளாண் துறையின் பள்ளி உணவு விதிகளின்படி. குழு எழுதிய கடிதத்தை அங்கேதான் அனுப்ப வேண்டும். யாரிடம் கேட்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதே இந்த வேலையில் பாதி.

பஸ் விஷயம் யார் பொறுப்பு?

இதற்குத்தான் எனக்குக் கொஞ்சம் பெருமூச்சு வரும். பேஸுக்கு வெளியே ஜெர்மன் கிராமங்களில் வீடு எடுத்திருப்பவர்கள் நிறைய. கைசர்ஸ்லவுட்டர்ன் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் மிகப் பெரிய அமெரிக்க ராணுவச் சமூகம் அதுதான், சுற்றியுள்ள ஊர்கள் முழுக்க நம் குடும்பங்கள் சிதறி இருக்கின்றன. டிசம்பரில் அங்கே சூரியன் உதிக்க 8:20 மணி போல ஆகிவிடும், பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பது கும்மிருட்டில்.

பஸ் தடம், நேரம், நிறுத்தம் எல்லாம் டோடியாவின் மாணவர் போக்குவரத்து அலுவலகம். வண்டி ஓட்டுவது ஒப்பந்தம் எடுத்த நிறுவனம். நிறுத்தத்தில் இருக்கும் தெருவிளக்கு அந்த ஜெர்மன் ஊராட்சியுடையது. பனி கொட்டினால் சாலை நிலைமையைப் பார்த்து தாமதமா விடுமுறையா என்று சொல்வது ராணுவத் தரப்பு. ஒரே ஒரு பஸ் நிறுத்தத்தில் நாலு பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள், இதில் பிரின்சிபால் இல்லவே இல்லை. ஆனால் பெற்றோர் கத்துவது அவரிடம்தான்.

இங்கேதான் குழு உதவும். "நிறுத்தத்தை ஐம்பது மீட்டர் தள்ளி விளக்கு இருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள்" என்றால் போக்குவரத்து அலுவலகம். "விளக்கு போட்டுத் தாருங்கள்" என்றால் ஊராட்சி, அதை நீங்களாகப் போய்க் கேட்பதைவிட கமாண்டர் அலுவலகம் வழியாகப் போவது நல்லது, ஜெர்மன் அதிகாரிகளோடு பேசுவதற்கென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். முதல் வழி சீக்கிரம், இரண்டாவது ஆற அமர நடக்கும். அதுவரைக்கும் பிள்ளையின் பையில் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள், ஜெர்மன் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள்.

பள்ளி விஷயத்தில் கமாண்டருக்கு உண்மையில் அதிகாரம் உண்டா?

வகுப்பறைக்குள் இல்லை. பிரின்சிபால் அவருக்குக் கீழே இல்லை. ஆனால் வாசல் பாதுகாப்பு, பேஸ் சாலைகள், பிள்ளைகள் மையம், சாலை கடக்க உதவும் காவலர் எல்லாம் அவர் பக்கம். அதோடு ஒரு சிப்பாயின் மனம் வீட்டில் இருந்தால் வேலை நடக்காது என்று எல்லாக் கமாண்டர்களுக்கும் தெரியும். பேஸில் பள்ளித் தொடர்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார், ராணுவத் தரப்பில் பள்ளி விஷயங்களைப் பார்ப்பவர். எங்கே கேட்பது என்று தெரியாதபோது முதலில் பிடிக்க வேண்டிய ஆள் அவர்தான்.

பாடத்திட்டம், புத்தகங்கள் பற்றிச் சொன்னால் கேட்பார்களா?

கேட்பார்கள், மாற்றுவது வேறு விஷயம். பாடத் தரநிலைகள் டோடியா முழுவதற்கும் ஒன்று, ஒகினாவாவில் படிக்கும் 3-ஆம் வகுப்பும் ஜெர்மனியில் படிக்கும் 3-ஆம் வகுப்பும் ஒரே பாதையில் போகும், அடிக்கடி இடம் மாறும் பிள்ளைகளுக்கு அதுதான் வசதி. அதை ஒரு பள்ளிக் குழு அசைக்க முடியாது. வாஷிங்டனிலிருந்து வரும் கொள்கையையும் அசைக்க முடியாது. 2025-ல் அதிபரின் உத்தரவுகளைத் தொடர்ந்து டோடியா நூலகங்களிலிருந்து சில புத்தகங்களை எடுத்தபோது, ஆறு குடும்பங்களின் 12 மாணவர்கள் சார்பில் நீதிமன்றத்துக்குத்தான் போனார்கள்.

குழுவால் முடிந்தது, உங்கள் பள்ளியில் அது எப்படி நடக்கிறது என்று கேட்பது. ஜெர்மன் மொழி, பண்பாட்டு வகுப்பு வாரத்தில் எவ்வளவு நேரம்? அந்த டீச்சர் லீவில் போனால் யார் எடுக்கிறார்கள்? புதுக் கணக்குப் புத்தகம் வந்தால் பெற்றோருக்கு ஒரு மாலை விளக்கம் தருவீர்களா? இது மாதிரிக் கேள்விக்கு உடனே பலன் கிடைக்கும்.

என் இங்கிலீஷ் அவ்வளவு சரளமில்லை. பேச முடியுமா?

முடியும். பேசுவதற்கு முன்னால் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கூட்டத்துக்கு முன்பே தலைவருக்கு மூன்று வரி மின்னஞ்சல்: என்ன பிரச்சினை, எத்தனை பிள்ளைகளுக்கு, என்ன செய்தால் நன்றாக இருக்கும். அஜெண்டாவில் ஏறிவிட்டால் பிறகு நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் அது பேசப்படும். இந்தப் பள்ளிகளில் கொரிய, ஜெர்மன், பிலிப்பைன்ஸ் அம்மாக்கள் எத்தனையோ பேர், இலக்கணம் பார்த்து யாரும் மார்க் போடுவதில்லை.

இதோடு சேர்த்து ஒன்று. சேர்க்கையின்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் வரும். "தமிழ் என்று எழுதினால் பிள்ளையை ஆங்கிலம் கற்பிக்கும் தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள், ஆங்கிலம் என்றே எழுதிவிடு" என்று ஒரு அறிவுரை நம் ஆட்களிடையே சுற்றுகிறது. தயவுசெய்து கேட்காதீர்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளையின் ஆங்கிலத்தைச் சோதித்துப் பார்ப்பார்கள், நன்றாக இருந்தால் விட்டுவிடுவார்கள், தேவை என்றால் உதவி கிடைக்கும். வேறு மொழி பேசும் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கு குறைவாகத் தெரிந்தால், அந்த டீச்சருக்கு ஏன் கூடுதல் நேரம் வேண்டும் என்று குழுவில் வாதாட எங்களுக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

என் கணவர் ராணுவத்தில் ஸ்பெஷலிஸ்ட், கீழ்மட்ட ரேங்க். குழுவில் ஒரு கர்னல் இருக்கிறார். சங்கடமாக இருக்காதா?

இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். சட்டப்படி அந்த மேஜையில் ரேங்க் கிடையாது, ஒருவருக்கு ஓர் ஓட்டு. ஆனாலும் யூனிஃபார்மில் வந்தவரைப் பார்த்தால் சில குரல்கள் தானாக அடங்குவதைப் பார்க்கலாம். நல்ல தலைவர்கள் முதல் கூட்டத்திலேயே எல்லோரும் இன்னாரின் அம்மா, இன்னாரின் அப்பா என்று அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வார்கள், அது நிறையவே உதவுகிறது. இன்னொரு பக்கம், ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்த, மேலிடத்துக்குக் கடிதம் எழுதத் தெரிந்த ஒரு சீனியர் அதிகாரி குழுவில் இருப்பது லாபம்தான். எழுதும் வேலையை அவர் தலையில் கட்டுங்கள். குழந்தை எத்தனை மணிக்குப் பஸ் ஏறுகிறது என்ற விஷயத்தில் மனைவியை விட்டு பத்து மாதம் டிப்ளாய்மென்ட் (வெளியிடப் படைப்பணி) போன கர்னலைவிட உங்களுக்கு அதிகம் தெரியும்.

இரண்டு மூன்று வருடத்தில் பிசிஎஸ் (ராணுவ இடமாற்றம்) வந்துவிடும். சேர்ந்து என்ன பயன்?

எல்லோரும் இப்படி நினைப்பதால்தான் பல பள்ளிகளில் இடம் காலியாகக் கிடக்கிறது, பெயர் கொடுத்தாலே ஜெயித்த மாதிரி. கோடைக்காலம் வந்தால் பாதிக் குழு விமானம் ஏறிவிடும், ஆகஸ்டு கடைசியில் புது முகங்கள். ஒரு வருடம் முழுக்கப் பேசி முடித்த விஷயத்தை அடுத்த வருடம் முதலிலிருந்து பேசுவார்கள்.

அதனால் கூட்டக் குறிப்பு எழுதுபவர்தான் இந்தக் குழுவில் முக்கியமான ஆள் என்பது என் அபிப்பிராயம், தலைவரைவிடவும். "பஸ் பற்றி விவாதிக்கப்பட்டது" என்று எழுதினால் அடுத்து வருபவருக்கு ஒன்றும் புரியாது. என்ன கேட்டோம், யார் என்ன பதில் சொன்னார், அந்தப் பதிலுக்குக் கெடு எப்போது, இன்னும் வராதது எது, இவ்வளவும் வேண்டும். கிளம்புவதற்கு முன் முடியாமல் கிடக்கும் விஷயங்களை ஒரு பக்கத்தில் எழுதி அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அடுத்த போஸ்டிங் அமெரிக்காவுக்குள் என்றால் இதே குழு இருக்குமா?

இருக்காது. அமெரிக்காவுக்குள் ஏழு மாநிலங்களில் மட்டும்தான் டோடியா பள்ளிகள்: அலபாமா, ஜார்ஜியா, கென்டக்கி, நியூயார்க், வட கரோலினா, தென் கரோலினா, வர்ஜீனியா. அங்கே வேறு சட்டம், ஒவ்வொரு பேஸுக்கும் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் ஸ்கூல் போர்டு, குறைந்தது மூன்று பேர். கொள்கை உருவாக்குவதில் பங்கெடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது, ஆலோசனையைவிட ஒரு படி மேல், ஆனால் பாதுகாப்புத் துறை வேண்டும்போது உத்தரவு போட்டு மாற்றலாம்.

மற்ற இடங்களில், அதாவது பெரும்பாலான ராணுவப் பிள்ளைகளுக்கு, ஊர் அரசுப் பள்ளிதான். அங்கே வகுப்பு மாற்றம், பதிவேடு, சேர்க்கை வயது போன்ற சிக்கல் வந்தால் ராணுவப் பிள்ளைகளுக்கான மாநிலங்களுக்கு இடையேயான ஒப்பந்தத்தைக் காட்டிக் கேளுங்கள், 50 மாநிலங்களும் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன.

சரி, எப்படிச் சேர்வது?

பள்ளி தொடங்கியதும் அலுவலகத்தில் தேர்தல் எப்போது என்று கேளுங்கள், பெயர் கொடுங்கள். தேர்தல் முடிந்துவிட்டதா, காலி இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் இல்லையா, கூட்டத்துக்குச் சும்மா வாருங்கள், உறுப்பினராக இல்லாவிட்டாலும் வந்து கேட்கலாம், பொதுமக்கள் கருத்து நேரத்தில் பேசலாம்.

கூட்டத்து நேரத்தில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்? ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவை அழைத்து வரலாமா?

எங்கள் பள்ளியில் பலர் பிள்ளைகளை அழைத்தே வருகிறார்கள், நூலகத்தின் மறுமூலையில் புத்தகம் பார்த்துக்கொண்டிருப்பார்கள், சத்தம் போட்டால் யாராவது ஓர் அப்பா எழுந்து போய் உட்கார்ந்துகொள்வார். துணை டிப்ளாய்மென்ட்டில் இருப்பவர்களுக்காக இணையம் வழியாகவும் கூட்டத்தில் சேர வசதி கேளுங்கள், இதுவே ஒரு நல்ல அஜெண்டா விஷயம்.

அம்மாவைத் தாராளமாக அழைத்து வாருங்கள், ஆனால் பேஸ் வாசலில் ஐடி கார்டு வைத்திருக்கும் நீங்கள் கூட இருந்து கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். அவருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே கிளம்புங்கள், சாயந்திர நேரத்தில் அந்த அலுவலகத்தில் வரிசை நீளம்.